அழித்துவிட்ட கேள்விகள்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நிலாவெளியில் கரைவலை இழுத்தேன், வெளிநாட்டில் கட்டட வேலை செய்தேன். திரும்பி வந்து திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மீனவர்கள் படகு எஞ்சினின் கோளாறைக் கைபேசியில் எழுதினால், பழைய பழுதுபார்ப்புக் குறிப்புகளில் பொருத்தமானதை மேலே கொண்டுவந்து வைக்கும் மென்பொருளை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். எது பொருத்தம் என்று நானும் கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு பெண்ணும் தனித்தனியாகப் புள்ளி போடுவோம். அதைப் பார்த்துத்தான் மெசின் படிக்கும். எங்கள் புள்ளிகள் ஒத்துவராத கேள்விகளை அழித்துவிடுவோம். அது என்னுடைய யோசனை.

ஒருநாள் கட்டைபறிச்சானிலிருந்து ஒருவர் தொலைபேசியில் வந்தார்.

"எஞ்சினைக் குளிராக்கிற தண்ணி பாயேல்லை எண்டு எழுதினனான் தம்பி. மணல் அடைச்சிருக்கு, பம்பைக் கழட்டுங்கோ எண்டு வந்தது. நிச்சயம் எண்டு பச்சை அடையாளமும் போட்டிருந்தியள். கழட்டினன், பம்ப் உடைஞ்சுபோச்சு. பாத்தால் தண்ணி உறிஞ்சிற வாயிலை சாதாழைப் பாசி சுத்திக்கிடக்கு. இனி நான் எப்பிடிக் கடலுக்குப் போறது?"

அடுத்த நாளே பஸ்ஸில் ஒரு பம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனால் அடுத்த முறையும் மெசின் இதையே சொன்னால்?

மென்பொருள் எழுதும் பிள்ளை அதே கேள்வியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். ஒவ்வொரு தடவையும் மெசினின் இணைப்புகளில் வேறு வேறு சிலவற்றை அணைத்துவிடுவாள். மெசினுக்குச் சந்தேகம் இருந்தால் வரிசை மாற வேண்டும். மாறவில்லை. எல்லாத் தடவையும் மணல்தான் மேலே.

"தனக்குத் தெரியாதெண்டே இதுக்குத் தெரியேல்லை அண்ணை" என்றாள்.

"உங்களைப் பாத்துத்தானே படிச்சது" என்றாள் கிண்ணியாக்காரி. "எங்கட குடாப் பக்கத்து இந்த மாதிரிக் கேள்விக்கு நான் சாதாழை எண்டு போட்டனான். நீங்கள் மணலை விடவே மாட்டீங்க. எல்லாத்தையும் அழிச்சாச்சு."

உண்மைதான். மிஞ்சியிருந்தவை நிலாவெளிப் பக்கத்துக் கேள்விகள். அங்கே மணல்தான் காரணம் என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. நாங்கள் ஒத்துப்போனதை மட்டும் படித்த மெசினுக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்?

அழித்த கேள்விகளை மீட்டு, இருவர் புள்ளிகளையும் அப்படியே விட்டோம். மெசின் மறுபடி படித்தது. இப்போது அதேபோல் ஓடவிட்டால் ஒரு தடவை மணல் மேலே வந்தது, இன்னொரு தடவை சாதாழை. வரிசை ஆடுகிற கேள்விக்கு மஞ்சள் அடையாளம் வைத்தோம்: "உறுதியில்லை. கழட்டாமல் பார்க்கக்கூடியதை முதலில் பாருங்கள்."

"தெரியாதெண்டு சொல்லுற மெசினை ஆர் பாவிப்பினம்?" என்று முதலாளி கேட்டார்.

"பம்ப் உடைஞ்சவர் பாவிப்பார்" என்றேன்.

சில வாரம் கழித்து கட்டைபறிச்சான்காரரே அழைத்தார். "திருப்பியும் தண்ணி நிண்டுட்டுது. மஞ்சள் காட்டிச்சு. கழட்டேல்லை, தண்ணி உறிஞ்சிற வாயிலை கையை விட்டுப் பாத்தனான்."

"சாதாழையோ?"

"இல்லை."

"மணலோ?"

"அதுவும் இல்லை. ஒரு பொலித்தீன் பை. எடுத்து எறிஞ்சிட்டன், தண்ணி பாயுது. வையுங்கோ தம்பி, நான் வெளிக்கிடுறன்."