மரண அறிவித்தல் வராத பாட்டுப்பெட்டி

காரில் இருந்த ரேடியோ நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. கையளவு கணினிப் பலகை ஒன்றை வைத்து யாரோ தன் காருக்குப் பாட்டுப்பெட்டி செய்வதை யூடியூபில் பார்த்தேன். நாலு திருகாணியைக் கழற்றினால் நானும் விஞ்ஞானிதான் என்று தோன்றிவிட்டது. கழற்றினேன். மூன்று வாரம் அந்த இடம் பல் பிடுங்கிய வாய் மாதிரி இருந்தது.

என் மாமனார் பன்வில பக்கத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். தினமும் காலையில் அம்பிட்டியவிலிருந்து என்னோடு கண்டிக்கு வருவார், டியூட்டரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்க. அந்த நேரத்தில்தான் ரேடியோவில் மரண அறிவித்தல் போகும். கண்ணை மூடிக் கேட்பார். கூட வேலை செய்தவர்களில் ஒருவருடைய சாவு வீட்டையும் அவர் தவறவிட்டதில்லை. அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து.

"மருமகன், அறிவித்தல் எப்ப வரும்?"

"இன்னும் ரெண்டு நாள் மாமா. இதுல பத்தாயிரம் பாட்டு ஏத்தலாம்."

"பாட்ட கேட்டுட்டு நான் யார் வீட்டுக்குப் போறது?"

ஒருவழியாகத் திரை ஒளிர்ந்தது. சாவியைத் திருப்பினால் பெட்டி நம்மை வரவேற்கும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது மின்சாரம் தளர்ந்து பெட்டி செத்துப் பிழைக்கும். மறுபடி முதலிலிருந்து வரவேற்கும். முதல் பாட்டு வருவதற்குள் கண்டிக்குப் போகும் இறக்கத்தில் பாதி இறங்கியிருப்போம். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, கார் இதவிட சுறுக்கா ஸ்டார்ட் ஆவுதே" என்றார். எல்லாம் இருந்தது, ரேடியோ மட்டும் இல்லை. அதற்கு வேறொரு பாகம் வாங்கிப் பூட்ட வேண்டும் என்பதை நான் கடைசியில்தான் படித்தேன்.

அந்த வாரம் பார்த்து, மாமாவோடு ஒரே பாடசாலையில் இருபது வருஷம் படிப்பித்தவர் புசல்லாவையில் இறந்துபோனார். ரேடியோவில் இரண்டு நாள் சொன்னார்களாம். மாமாவுக்கு ஒருவரும் போன் எடுத்துச் சொல்லவில்லை. 'அவராவது கேட்காமல் இருப்பதாவது' என்ற நம்பிக்கை. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், டியூட்டரியில் யாரோ பேச்சுவாக்கில் சொல்லித்தான் அறிந்தார்.

வந்து என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மகளிடம் மட்டும் சொன்னார்: "செத்தவன் கோவிச்சுக்க மாட்டான். அவன் வீட்டுக்காரி மொகத்துல எப்படி முழிக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமை புசல்லாவைக்குப் போனோம். பெட்டியை அணைக்க ஒரு சுவிட்ச் வைக்க மறந்திருந்தேன். சத்தத்தைக் குறைத்து, மின்னும் திரையைத் துவாயால் மூடிக்கொண்டு ஓட்டினேன்.

இறந்தவரின் மனைவி வாசலிலேயே கேட்டார்: "வாங்க வாத்தியாரே. ரேடியோவுல சொன்னோமே, கேக்கலியா?"

பொய் சொல்லிப் பழகாத மனுஷன். "கேக்கல தங்கச்சி. கார் ரேடியோவ மருமகன் கழட்டிட்டாரு."

"ஏன், பழுதாப் போச்சா?"

"இல்ல. நல்லாத்தான் இருந்திச்சு."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மாமாவுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"நீங்க வரலன்னதும் பயந்துட்டேன். அடுத்தது உங்க பேராத்தான் இருக்கும்னு ரெண்டு நாளா ரேடியோவுக்கிட்டயே உக்காந்திருந்தேன். உக்காருங்க."

மாமா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அவருக்குத் தேத்தண்ணி வந்தது. எனக்கும் வந்தது, கொஞ்சம் தாமதமாக. சீனி போட மறந்திருந்தார்கள். நான் கேட்கவில்லை.