பூட்டிய ஃபோல்டருக்கு வழிகாட்டி எழுதிய கதை

மென்பொருளுக்கு வழிகாட்டி எழுதும் தொழிலில் எல்லாம் ஒழுங்காக நடந்தால் நம்மை யாருக்கும் தெரியாது. ஏதாவது கெட்டுப்போனால்தான் நாம் எழுதியதை வரி வரியாகப் படிப்பார்கள். இதே பிழைப்பில் இருப்பவர்கள் இப்போது தலையாட்டுவீர்கள்.

எனக்கு நயினார்கோவில் பக்கம். ராமநாதபுரத்தில் பாத்திரக்கடை மாடியில் எங்கள் அலுவலகம், மொத்தம் ஐந்து பேர். நாங்கள் தருவது பூட்டுப் போட்ட சேமிப்பு. வாடிக்கையாளர் போட்டு வைப்பதை அவருடைய சாவி இல்லாமல் எங்களாலேயே திறக்க முடியாது. ஃபோல்டரின் பெயர்கூட எங்கள் சர்வருக்குத் தெரியாது. அவர் சொல்லும் வேலையைத் தானாகவே செய்யும் மென்பொருளான ஏ.ஐ. ஏஜென்ட் அதில் தானே ஃபோல்டர் உருவாக்கிக்கொள்ள ஒரு கருவி செய்தோம். ஏஜென்டும் வாடிக்கையாளரும் படிக்க அதற்கு நான்தான் வழிகாட்டி எழுதினேன்.

முதல் வாசகர்

கருவியைச் செய்தவள் பர்வீன். கீழக்கரைப் பெண், என்னைவிட எட்டு வயது இளையவள். "தேவையான இடத்தில் ஃபோல்டரை உருவாக்கவும்" என்று நான் எழுதியதை அவள் அப்படியே ஏஜென்டிடம் கொடுத்து, ஒரு கரண்ட் பில்லை எடுத்து வைக்கச் சொன்னாள். அது ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஒன்று என்று பதினோரு அடுக்கு போட்டு, கடைசியில் அந்த ஒற்றை பில்லை வைத்துவிட்டு "முடிந்தது" என்றது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அக்கா, மனுசருக்குப் புரியலன்னா போன் போட்டுக் கேப்பாங்க. இது கேக்காது. நீங்க சொல்லாம விட்டத அதுவா நெனச்சுக்கும்."

கைக்கெட்டும் இடம்

ராமேஸ்வரத்தில் படகுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய அலுவலகம் எங்கள் வாடிக்கையாளர். கடலுக்குப் போகிறவர்களின் அடையாள அட்டைகள், படகுப் பதிவுகள் எல்லாம் எங்களிடம் பூட்டில் இருந்தன. பயிற்சி கொடுக்கப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சாவி தொலைந்தால் திறப்பதற்கான ரகசியச் சொற்கள் பெரிய எழுத்தில், லேமினேஷன் போட்டு, காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கின.

"அண்ணே, இத வச்சு யார் வேணும்னாலும் தொறந்துருவாங்களே!" என்று பதறி, அன்றே சாவியையும் அந்தச் சொற்களையும் அவர்களை மாற்ற வைத்தேன். சுவரிலிருந்து அதைக் கழற்றும்போது செயலாளர் அந்தோணி, கோபமே இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்: "கைக்கெட்டுற எடத்துல பத்திரமா வையின்னு நீங்கதான எழுதிருக்கீக? இத விடக் கைக்கெட்டுற எடம் இங்கன எது?"

ஒரே பெயரில் நான்கு

ஆர்.எஸ்.மங்கலத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே நோயாளிகளின் காகிதங்களை ஸ்கேன் செய்பவர் முத்துலட்சுமி. ஃபோல்டர் போட்டு அடுக்குவது ஏஜென்ட். ஒரு நாள் காலையில் நெட் விட்டு விட்டு வந்தது. ஃபோல்டர் உருவாகிவிட்டது, ஆனால் பதில் வந்து சேரவில்லை. ஏஜென்ட் மறுபடி உருவாக்கியது, மறுபடியும். பெயரைப் பார்க்க முடியாத எங்கள் சர்வர், "இது ஏற்கெனவே இருக்கிறதே" என்று எப்படிச் சொல்லும்? அன்று ஆபரேஷனுக்கு இருந்த ஓர் அம்மாவின் பெயரில் நான்கு ஃபோல்டர்கள், அவருடைய தாள்கள் அவற்றில் சிதறிக் கிடந்தன. ஒரு குறிப்பிட்ட மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்ற தாள் மூன்றாவதில் கிடந்தது. டாக்டர் திறந்தது முதலாவதை.

முத்துலட்சுமி சும்மா ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கிறார். தான் ஸ்கேன் செய்தது மூன்று தாள், ஃபோல்டரில் இருப்பது ஒன்று. ஆபரேஷன் தியேட்டருக்கே ஓடி, "செத்த நேரம் ஆரம்பிக்காதீங்க" என்று நிறுத்திவிட்டு வந்து நான்கையும் தேடி எடுத்திருக்கிறார். அந்த அம்மா நல்லபடியாக வீட்டுக்குப் போனார்.

பிறகு முத்துலட்சுமியிடமிருந்து எனக்குப் போன் வந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "ஒங்க வழிகாட்டிய ரெண்டு தடவ படிச்சுட்டேன் மேடம். பதில் வரலன்னா என்ன செய்யணும்னு எங்கனயும் எழுதலயே."

பஸ்ஸில்

மறுநாள் பர்வீனும் நானும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். "யார் தப்பு இது?" என்று டாக்டர் கேட்டார். என் தப்புதான் என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் பர்வீன் "என்னோடது சார்" என்றாள். இனி ஏஜென்ட் அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஓர் எண் இருக்கும், அதே எண் திரும்ப வந்தால் புது ஃபோல்டர் உருவாகாது, பழையதே திரும்பக் கிடைக்கும் என்று விளக்கினாள். "பதில் வராவிட்டால் அதே எண்ணோடு கேள், புதிதாக ஆரம்பிக்காதே" என்று நான் எழுதிக்கொண்டுபோன பக்கத்தை முத்துலட்சுமியிடம் கொடுத்தேன். அவர் பேனாவை எடுத்து இன்னும் இரண்டு ஓட்டைகளைச் சுழித்துக் காட்டினார்.

திரும்பும் பஸ்ஸில், "எழுதாம விட்டது நானு. நீ எதுக்கு ஏத்துக்கிட்ட?" என்று கேட்டேன். வெளியே மழை பிடித்திருந்தது. "நீங்க எழுதித்தான் அதத் தடுக்கணும்னா, நான் செஞ்சது அரைகுறைன்னுதானக்கா அர்த்தம்? அந்த ஷட்டர எறக்குங்க, சாரல் அடிக்கிது."

அந்த வழிகாட்டியில் இப்போது நன்றாக இருக்கும் வரிகளெல்லாம் மற்றவர்கள் என்னைத் திருத்தியவை, இனிமேல் யாராவது கண்டுபிடிக்கப்போகிற பிழைகள் மட்டுமே என் சொந்தச் சரக்கு.