கேட்டுக்கு வெளியே நின்று பார்த்த அறை

எந்த அறைக்குள் போனாலும் மணிவேல் பெரியப்பா முதலில் அறையைப் பார்க்க மாட்டார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போடுவார். பிறகு கைப்பிடியைப் பிடித்துத் தன் பக்கம் வெடுக்கென்று இழுப்பார், வெளியிலிருந்து ஒருவன் தோளால் இடித்தால் எவ்வளவு வேகம் இருக்குமோ அவ்வளவு வேகத்தில். இழுக்கும்போது கண்களை மூடிக்கொள்வார். திருகு தளர்ந்திருந்தால் மரத்துக்குள் ஒரு சின்ன முனகல் கேட்குமாம். கேட்டுவிட்டால் சட்டைப் பையிலிருந்து கட்டை ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு இறுக்குவார். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அறை, ஆஸ்பத்திரிக் கழிப்பறை, எங்கள் வீட்டு பாத்ரூம் என்று எதுவும் தப்பியதில்லை.

"உன் பெரியப்பா வந்துட்டுப் போனா கதவத் தொறக்க தனியா ஒரு ஆள் வேணும்" என்பாள் அம்மா.

என் அப்பாவின் அண்ணன் அவர். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரூம் பாய். தலை முழுக்க நரைத்துவிட்டது, இன்னும் ரூம் பாய்தான். வந்திறங்கும் பக்தர்களின் பையைத் தூக்குவது, வெந்நீர் கொடுப்பது, விரிப்பு மாற்றுவது. இந்தப் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. ஒரு பௌர்ணமிக்குத் தனியாக வந்திருந்த பெண்ணின் அறையில் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. காலையிலேயே மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். "கூட்டம் முடியட்டும், பாக்கலாம்" என்று பதில் வந்தது. அன்றைக்கே பக்கத்து அறைக்காரன் குடித்துவிட்டு அந்தக் கதவை இடித்துத் திறந்துவிட்டான். அந்தப் பெண் போட்ட சத்தத்தில் ஆட்கள் ஓடிவந்து அவனை இழுத்துப் போட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தப் பெண் விடிந்ததும் பையைத் தானே தூக்கிக்கொண்டு, படியில் நின்ற பெரியப்பாவைப் பார்க்காமல் இறங்கிப் போனாள். அவர் இதை ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொன்னார். அதையும் படியோடு நிறுத்திவிட்டார்.

அவர் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. பௌர்ணமியானால் வாசலில் தலைகள்தான் தெரியும். தண்ணீர் கேட்டு, பாத்ரூம் கேட்டு, குழந்தையைக் கொஞ்சம் படுக்க வைக்கட்டுமா என்று கேட்டு யாராவது தட்டிக்கொண்டே இருப்பார்கள். பெரியம்மா ஜோதியம்மாள் பாதை ஓரத்தில் சுண்டல் கடை போட்டிருப்பாள். பெரியப்பா லாட்ஜில் இருந்தாக வேண்டும். அதனால் மகள் கவிநிலாவை உள்ளே விட்டு, வெளியில் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டுப் போவார்.

"பூட்டுத் தொங்குனா எவனும் தட்ட மாட்டான்" என்பது அவர் கணக்கு.

எங்கள் பக்கத்தில் நான்கைந்து வீடுகளில் இப்படிச் செய்வதுண்டு. மற்ற வீடுகளில் பெண்கள் வளர்ந்ததும் விட்டுவிட்டார்கள். பெரியப்பா விடவில்லை. கவிநிலா பள்ளிக்கூடப் பாடத்தையும் கல்லூரிப் பாடத்தையும் அந்தப் பூட்டுக்குப் பின்னால்தான் படித்தாள். ஒரு பௌர்ணமியன்று அந்த வழியாகப் போனபோது ஜன்னல் பலகையின் இடுக்கில் அவள் கண் தெரிந்தது. "அண்ணா, ஒரு ஐஸ் வாங்கிக் குடேன்" என்றாள். வாங்கிவந்தேன். இடுக்கு வழியாக அது போகவில்லை. என் கையிலேயே உருகிற்று. இரண்டு பேரும் சிரித்தோம்.

போன வருடம் அவளுக்கு ஓசூரில் ஒரு வேலை கிடைத்தது. பெரியப்பா போய் ஹாஸ்டலைப் பார்த்துவிட்டு வந்து, ஜன்னல் கம்பி பற்றாது என்றார். வேலை போயிற்று. இந்த வருடம் சென்னையில், பெருங்குடியில் ஒரு கம்பெனி. திங்கட்கிழமை சேர வேண்டும்.

"சந்தோஷம்மா. எங்க தங்குவ?" என்றார் பெரியப்பா.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "சனிக்கெழம ஒரு நாள் போய்ப் பாக்கலாம். நல்ல எடம் அமைஞ்சா இருந்துக்கோ. இல்லன்னா அன்னிக்கே திரும்பிடலாம். வேல எங்கியும் ஓடிடாது."

"திங்கக்கெழம சேரலன்னா ஓடிடும்ப்பா."

"ஓடுனா இன்னொண்ணு வரும்."

நான் சென்னையில் இரண்டு வருடம் இருந்தவன் என்பதால் என்னையும் கூப்பிட்டார். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். அந்த அறையின் பூட்டை ஸ்பூன் காம்பால் திறக்கலாம். எனக்கு அறை பார்க்க யாரும் வரவில்லை. அது இருட்டா வெளிச்சமா என்றுகூடப் பெரியப்பா கேட்டதில்லை.

விடிகாலை பஸ் ஏறும்போது கவிநிலாவின் கையில் துணி நிரம்பிய பெரிய பை இருந்தது.

"பாக்கத்தான போறோம், பை எதுக்கு?"

"சும்மாப்பா" என்று அதை மடியில் வைத்துக்கொண்டாள். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் வரும்வரை கீழே இறக்கவில்லை.

வேளச்சேரியில் முதல் ஹாஸ்டல் ஒரு சாப்பாட்டு மெஸ்ஸுக்கு மேலே இருந்தது. பெரியப்பா படியிலேயே நின்றுவிட்டார்.

"படி ஒண்ணுதானா? சாப்ட வர்றவனும் இதே படி, பொண்ணுங்களும் இதே படியா?"

"சிசிடிவி இருக்கு சார்" என்றான் அங்கிருந்த பையன்.

"அது பாக்கும். தடுக்குமா? எங்க லாட்ஜ்லயும்தான் இருக்குது. எல்லாம் நடந்ததுக்கு அப்புறம் போட்டுப் பாப்பாங்க."

இரண்டாவது இடத்தில் கண்ணாடிக் கதவு. விரல் வைத்தால்தான் திறக்கும். அங்கே தாழ்ப்பாளை இழுத்துவிட்டுப் பெரியப்பா கண்ணைத் திறக்கவே இல்லை, அவ்வளவு திருப்தி. வாடகையைக் கேட்டதும் கவிநிலாவே வெளியே வந்துவிட்டாள். சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். "என்னா ஒரு தாழ்ப்பா" என்று பெரியப்பா தெருமுனை வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

மூன்றாவது தரமணியில் ஒரு சந்துக்குள். வாடகை கம்மி, சாப்பாடும் உண்டு, சுத்தமாகவும் இருந்தது. கவிநிலா ஒரு கட்டிலில் உட்கார்ந்தேவிட்டாள். பெரியப்பா மாடிப்படி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டு மொட்டை மாடி மிக அருகில் இருந்தது. நான் பிடிப்பதற்குள் வேட்டியை மடித்துக் கட்டி, ஜன்னலில் காலைப் போட்டு, அந்த மாடியில் குதித்துவிட்டார்.

"பாத்தியா? வந்துட்டன்! இந்த வயசுல நானே வந்துட்டன். வாலிபப் பையன் வர மாட்டானா?"

அங்கே வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தைத் தூக்கினாள். "யார்யா நீ? பொம்பளப் புள்ளைங்க ஹாஸ்டல் ஜன்னல்ல ஏறி வர?"

"அதத்தாம்மா நானும் சொல்றன்" என்றார் பெரியப்பா.

அந்த அம்மாளிடம் அவரை மீட்டுக்கொண்டு வருவதற்குள் எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. கட்டிலிலிருந்து எழுந்த கவிநிலா பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு கீழே இறங்கினாள். சிரிக்கவில்லை.

டீக்கடையில் நின்றோம். வெயில் சாய்ந்துவிட்டது. பெரியப்பாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்திருந்தது. பிடிவாதம் என்று அதைச் சொல்ல முடியாது. தேடினோம், அமையவில்லை, நம் மேல் தப்பில்லை என்கிற நிம்மதி. "கிளாம்பாக்கம் பஸ் எங்கடா நிக்கும், மாறா?" என்றார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். "விசாரிக்கணும் பெரியப்பா" என்றேன். கவிநிலா தண்ணீர் பாட்டிலின் லேபிளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டிருந்தாள். முழுக்க உரித்து முடித்த பிறகு பேசினாள்.

"இன்னும் ஒண்ணு இருக்குப்பா. சினேகா சொன்ன எடம். என் சீனியர், அவ அங்கதான் இருந்தா."

அது ஒரு பழைய வீடு. உயரமான இரும்பு கேட். தட்டியதும் ஒரு பெண்மணி வந்து, கேட்டைக் கொஞ்சமாகத் திறந்தாள். வார்டன் ராணியம்மாள். கவிநிலா நீட்டிய ஆதார் நகலை எட்டப் பிடித்துப் பார்த்து, "கண்ணாடிய உள்ளயே வெச்சிட்டு வந்துட்டேன்" என்று திருப்பிக் கொடுத்தாள். வாடகை சொன்னாள். எங்களால் முடியும்.

பெரியப்பா உள்ளே காலெடுத்து வைத்தார்.

"அண்ணா, பொண்ணு மட்டும் வரட்டும். ஆம்பளைங்க கேட்டத் தாண்டக் கூடாது."

"நான் அப்பாம்மா."

"அப்பாவும் ஆம்பளதான?"

பெரியப்பா எடுத்து வைத்த காலை மெதுவாக வெளியே எடுத்தார். அவருக்கு அந்த விதி பிடித்துவிட்டது. என்னைத் தள்ளி அழைத்துப் போய், "ஆம்பளய விடாத எடம்டா. இப்படித்தான் இருக்கணும்" என்றார். உடனே முகம் மாறியது. "ஆனா பாக்காம எப்படிடா வுடறது?"

"வீடியோ கால்ல காட்டறம்ப்பா" என்றாள் கவிநிலா. பையோடு உள்ளே போனாள். அவள் பின்னால் ராணியம்மாளும் போனாள்.

கால் வரவில்லை. பெரியப்பா கேட்டின் முன்னால் நடந்தார், நின்றார், மதில் மேல் பதித்திருந்த கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்துத் தலையாட்டினார். "இன்னாடா இவ்ளோ நேரம்?" என்றார். நானே கூப்பிடலாமா என்று நினைத்தபோது போன் அடித்தது.

திரையில் ஒரு கதவு. கனமான தாழ்ப்பாள், நன்றாகத் துடைத்தது.

"போட்டு இழும்மா. வெடுக்குனு."

இழுத்தாள். தெருவில் ஆட்டோ ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"கேக்கல. இன்னொரு தபா. சவுண்ட ஜாஸ்தி பண்ணு, மாறா."

போனை என்னிடமிருந்து வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். கண்களை மூடிக்கொண்டார். திரை அவர் கன்னத்தில் ஒட்டியிருந்தது. அதற்கு முன்னால் நான் பார்த்தது கொஞ்சம்தான்: ஒரே ஒரு கட்டில், மடித்து வைத்த புடவை, மேசையில் ஒரு மூக்குக் கண்ணாடி. முன்பு இருந்தவளுடைய பொருள்களாக இருக்கும் என்று நினைத்தேன்.

உள்ளே தாழ்ப்பாள் மறுபடி இழுபடும் சத்தம் எனக்கே கேட்டது. பெரியப்பா கண்ணைத் திறக்க நேரம் எடுத்துக்கொண்டார்.

"நல்லா இருக்குது" என்றார். நல்லா இருந்துவிட்டதே என்பது போல.

கவிநிலா திரும்ப வந்தபோது கையில் பை இல்லை. பெரியப்பா சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினார்.

"திருகு தளந்தா நீயே இறுக்கிக்கோ. யாரு கிட்டயும் சொல்லிட்டுக் காத்துட்டு இருக்காத."

"சரிப்பா."

ராணியம்மாள் கேட்டை உள்பக்கம் பூட்டினாள். சாவி அங்கேயே சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. கவிநிலா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இங்க பூட்டு உள்ள" என்றாள்.

"ஆமாம்மா. அதான் நல்லது" என்றார் அவர்.

திரும்பும் பஸ்ஸில் அவர் தூங்கவில்லை. கை அடிக்கடி காலியான சட்டைப் பைக்குப் போய் வந்தது. அடுத்த பௌர்ணமிக்கு அடி அண்ணாமலை வீட்டு வழியாகப் போனேன். பெரியம்மா ஓரத்தில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தாள். கதவில் அதே பூட்டு. ஜன்னல் இடுக்கை ஒரு முறை பார்த்துவிட்டு நடந்தேன்.

கவிநிலா வேலையில் நிலைத்துவிட்டாள். பெரியப்பாவுக்கு ஊரில் ஒரு பெயர் வந்துவிட்டது. வேங்கிக்காலில் இருந்தெல்லாம் ஆட்கள் லாட்ஜுக்குத் தேடி வந்து, பெண்ணை மெட்ராஸில் எங்கே விடலாம் என்று அவரிடம் கேட்டார்கள். அவர் வெந்நீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தாழ்ப்பாளின் கதையைச் சொல்வார். சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவார். அப்படிக் கேட்டுக்கொண்டு போனவர்களில் ஒருவர் எங்கள் தெரு வேணு. அவர் மகள் அருணாதேவிக்கு அங்கே இடம் இருக்குமா என்று கேட்கச் சொன்னார். அதற்காகத்தான் நான் கவிநிலாவுக்குப் போன் செய்தேன். அவள் அதற்குள் தோழிகளோடு வேறு வீட்டுக்கு மாறியிருந்தாள்.

"அருணாவ அங்க அனுப்பலாம்ணா, நல்ல எடம்தான். ஆனா அப்பா சொன்னத நம்பி அனுப்பாதீங்க" என்று சிரித்தாள். அப்புறம்தான் சொன்னாள்.

அன்றைக்கு வீடியோவில் காட்டியது ராணியம்மாளின் சொந்த அறை. கவிநிலா கேட்டுக் கெஞ்சி, கால் மணி நேரம் வாங்கிய அறை. அவளுக்குக் கொடுத்தது மாடியில், நான்கு பேர் தங்கும் அறை. அதன் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் வெறும் திருகு ஓட்டைகள். அவள் அங்கே இருந்த காலம் முழுக்க அப்படியே இருந்தது. பெரியப்பா கொடுத்த ஸ்க்ரூடிரைவரை அந்த அறையில் ஒரே ஒரு முறைதான் எடுத்தாளாம், போன அன்றைக்கே. முன்பு யாரோ திருகு அடித்து மூடி வைத்திருந்த ஜன்னலைத் திருகு கழற்றித் திறப்பதற்கு.