கரிக்குச் சம்மதித்தவர்கள்

ஆய்வு முடிவு அவ்வளவு நன்றாக வந்திருக்கக் கூடாது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். பணக்கார நாடுகள் தங்கள் புகையைக் குறைப்பதற்குப் பதிலாக, ஏழை நாட்டு விவசாயி நிலத்தில் மரம் வளர்க்கப் பணம் தரும். அந்த மரம் கார்பனை இழுத்து வைத்துக்கொள்ளும். இதற்கு எங்கள் பக்கத்து விவசாயிகள் சம்மதிப்பார்களா என்பதுதான் ஆய்வு. ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கேள்வித்தாளை ஆங்கிலத்தில் அனுப்பியது. தமிழாக்கியது நான். ‘கார்பன்’ யாருக்குப் புரியும் என்று அகராதியைப் பார்த்துக் ‘கரி’ என்று போட்டேன். ‘மரம் வளர்த்துக் கரி சேமிக்க நிலம் தருவீர்களா?’ ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். விளக்கம் சொன்னால் பதில் சாய்ந்துவிடுமாம்; தாளில் உள்ளதை மட்டும் படிக்க வேண்டும் என்பது அவர்கள் விதி.

அடி அண்ணாமலையிலும் சுற்றுக் கிராமங்களிலும் மொபெட்டில் அலைந்தேன். எல்லாருமே ஆம். என் வழிகாட்டிப் பேராசிரியர் தாள்களைப் புரட்டிவிட்டு முதல் முறையாக எனக்கு டீ சொன்னார். வெளிநாட்டுக் கருத்தரங்குக்கு என் பெயரை அனுப்பினார். வீட்டில் ஸ்வெட்டர் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரே ஒரு தாளில் கையெழுத்து விடுபட்டிருந்தது. அதை வாங்கத்தான் அந்தத் தாளுக்குரிய அக்காவிடம் மறுபடி போனேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தில் மல்லாட்டை போடுபவர். செடியிலிருந்து கடலைக்காய் ஆய்ந்துகொண்டே கேட்டார்.

“மூட்டம் எப்ப மேடம் போடறது? ஓரத்துல வேலிக்காத்தான் ஜாஸ்தியா கெடக்குது, வெட்டி வெச்சிடவா?”

“என்ன மூட்டம்க்கா?”

“கரி மூட்டந்தான். நீங்கதான கரிக்குனு எழுதிக்கினு போனீங்க?”

மரத்தைக் காப்பதற்காகக் கேட்ட கேள்விக்கு, ஊரே மரத்தை வெட்டி எரிக்கச் சம்மதித்திருந்தது. வேலிக்காத்தான் முள்மரத்தை வெட்டி, மண் மூடி எரித்துக் கரி மூட்டம் போட்ட வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். படிப்பு ஏற ஏறக் காது அடைத்துப்போயிருக்கிறது. வெட்கமாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து முழுசாக விளக்கினேன். அவர் கை நிற்கவில்லை.

“பொகைய அவங்க உடறாங்க. மரத்த நாம வெக்கணும், வெட்டவும் கூடாது. அப்ப மல்லாட்டய எங்க போடறது?”

அந்தக் கேள்வியை அவர் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

வழிகாட்டியிடம் சொன்னேன். “ஆம்னுதான போட்டிருக்காங்க? விட்டுடும்மா. மறுபடி ஆரம்பிச்சா கருத்தரங்கும் போச்சு, உதவித்தொகையும் முடிஞ்சிடும்” என்றார். கெட்டவர் இல்லை, அவருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் தயவு தேவைப்பட்டது. முடிவு அங்கே முன்பே எழுதப்பட்டிருக்கும், வெயிலில் அலைவது மட்டும் இங்கே. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“முதல்லேர்ந்து கேக்கறேன் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

கேட்டேன், வீடு வீடாக. தாளில் ‘கரி’யை அடித்துவிட்டுப் ‘புகை’ என்றே எழுதி, விளக்கியும் சொன்னேன். பௌர்ணமியன்று எல்லாரும் கிரிவலக் கூட்டத்துக்குக் கடை போடப் போய்விடுவார்கள். எனக்கும் அன்றுதான் விடுமுறை. கருத்தரங்கு நான் இல்லாமல் நடந்தது. உதவித்தொகை நின்றதும் வேங்கிக்கால் பக்கம் டியூஷன் எடுத்துச் சமாளித்தேன். சிலர் ஆம் என்றார்கள், சிலர் இல்லை என்றார்கள். பெரும்பாலோர் இரண்டும் சொல்லாமல், அக்காவைப் போலவே என்னைத் திருப்பிக் கேட்டார்கள். அதற்குத் தாளில் இடமில்லை. ஸ்கேலை வைத்து மூன்றாவதாக ஒரு கட்டத்தை நானே போட்டேன். அவர்கள் கேட்டதையெல்லாம் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் எழுதி அனுப்பினேன்.

வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

“இவ்ளோ பேரா? இவங்க எல்லாம் பதில் சொல்லாதவங்களா?”

“இல்ல சார். இவங்க கேள்வி கேட்டவங்க. பதில் சொல்லாதவங்க, கேள்வித்தாள் அனுப்பினவங்க.”