சர்க்கரையை ஒளித்த அண்ணன் தம்பி

பின்லாந்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாதவனையும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுகிறார்கள். காய்ச்சல், தலைவலி எதுவும் இல்லாமல் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த எனக்கு ஒருநாள், நலப் பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. ஆள் குறைக்கப்போகிறார்கள், அதற்குக் காரணம் தேடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நர்ஸ் அம்மாள் டேப்பை எடுத்து என் இடுப்பை அளந்தார். காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்றார். இட்லி என்றேன். அது எதில் செய்வது என்றார். "ரீஸி" என்றேன், அவர்கள் மொழியில் அரிசிக்கு அதுதான் சொல். மதியம்? ரீஸி. இரவு தோசை, அதுவும் ரீஸி. கேள்வி எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து மெதுவாக, சைகை காட்டிக் கேட்டார். நானும் அதே மூன்று பதிலையும் மெதுவாகச் சொன்னேன். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. எதற்குக் கேட்கிறார்களோ என்று, 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

அது பொய். அப்பாவின் குதிகாலில் ஒரு புண் ஆறாமலே இருந்து, காலை எடுத்து, அடுத்த வருஷம் அவரும் போனார். சேற்றுப்புண் என்றுதான் ஊருக்குச் சொன்னோம். சொல்லிச் சொல்லி நாங்களே நம்பிவிட்டோம்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வருகிற வழியில் இருக்கிறது என்றார் நர்ஸ். சோற்றைப் பாதியாக்குங்கள், காய்கறியைக் கூட்டுங்கள், தினமும் நடங்கள். இடுப்பு கொஞ்சம் சுருங்கினாலே தள்ளிப்போடலாம், வராமலும் தடுக்கலாம். ஒரு மாத்திரைகூட எழுதித் தரவில்லை. மருந்தே தராத ஆஸ்பத்திரியை எப்படி நம்புவது?

அந்தச் சந்தேகத்தோடுதான் தை மாதம், திருவிடைமருதூருக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு விடுப்பில் வந்தேன். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அண்ணன் கலியமூர்த்தி வரப்பில் நின்று அறுப்பு மெஷின்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். காலில் ஷூ. செருப்பைக்கூட மேட்டில் கழற்றிவிட்டு வயலில் இறங்குகிற மனிதர். கேட்டதற்கு, "அறுத்த கதிர்த் தாள் குத்துதுடா" என்றார். ஐம்பது வருஷமாகக் குத்தாத தாள்.

வீட்டில் அண்ணி சிரித்தார். "உங்க அண்ணன் இப்ப ராத்திரி சோறே சாப்பிடறதில்ல தம்பி. நம்ம மக கவிதாவைப் பொண்ணு பாக்க வர்றாங்கல்ல, தொந்தியைக் குறைக்கிறாராம்."

மறுநாள் காலை உரக்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அண்ணன் கும்பகோணம் பஸ் ஏறினார். அறுக்கிற வயலுக்கு எதற்கு உரம்? பைக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸின் பின்னாலேயே போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவர் ஒரு சின்ன கிளினிக்குக்குள் நுழைந்தார். நான் எட்டிப் பார்த்தபோது அவருடைய வலது காலின் கட்டைவிரலில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ எங்கடா இங்க?"

"நீங்க எங்கண்ணே இங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மூணு வருஷமா சுகர். உங்க அண்ணிக்கே தெரியாது. நம்ம பக்கம் லேப் வச்சிருக்கவன் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தம். சுகர் குடும்பம்னா பொண்ணு எடுப்பாங்களா?"

டாக்டரம்மா வயதில் சிறியவர். "புண்ணு ஆறிடும்ங்க. ஆனா வீட்டுக்குத் தெரியாம வைத்தியம் பண்ண முடியாது" என்றவர், என் பக்கம் திரும்பி, "நீங்க தம்பியா? டெஸ்ட் எடுத்தீங்களா?" என்றார். படிவத்தில் பொய் எழுதியதை அங்கேதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன்.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "படிச்சவன், நீயுமாடா?"

"அப்பாவுக்கு வந்தது என்ன புண்ணுண்ணே?"

"சேத்துப்புண்ணு" என்றார், பழக்கத்தில். பிறகு குனிந்து, கட்டுப் பிரித்த தன் விரலைப் பார்த்தார். "இல்லடா" என்றார்.

அன்றைக்கே வீட்டில் சொன்னோம். அண்ணி இரண்டு நாள் எங்கள் இருவரோடும் பேசவில்லை. கவிதா மட்டும், "எனக்கும் பாத்துடுங்க சித்தப்பா" என்றாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லியனுப்பினோம்; கலந்து பேசிச் சொல்கிறோம் என்றவர்கள் இதுவரை சொல்லவில்லை. சர்க்கரைதான் காரணமா, வேறு ஏதாவதா, தெரியாது. அண்ணன் லேப்காரரைத்தான் சந்தேகப்படுகிறார்.

திரும்பி வந்ததும் நர்ஸிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அடுத்த பரிசோதனைத் தேதியை மட்டும் முன்னால் இழுத்துக்கொண்டார்.

இப்போது எனக்கு மதிய இடைவேளை, அண்ணனுக்குச் சாயங்காலம். அந்த நேரத்தில் இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடக்கிறோம். விரல் ஆறிவிட்டது. ஒருவர் நடக்கிறாரா என்று மற்றவருக்கு நம்பிக்கை கிடையாது. அதனால்தான் இந்த ஏற்பாடு. நேற்று அண்ணன் திடீரென்று கேட்டார், "என்னடா நறுக் நறுக்குங்குது? முறுக்கு திங்கிறியா?"

"பனிண்ணே. பனி மேல நடக்கிறேன்."

அவர் நம்பவில்லை. நிரூபிப்பதற்காக நின்றேன். சத்தம் அடங்கியது. அவர் பக்கத்திலிருந்து, அறுத்த வயலில் மேயும் வாத்துக் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. உறைந்த ஏரியின் நடுவில் வாத்துகளைக் கேட்டபடி நின்றுகொண்டிருந்தேன்.

"ஏன் நின்னுட்ட? நட" என்றார் அண்ணன்.