பச்சை டோர்ச்சும் அலுமாரிப் பயறும்

போன கிழமை மகள் கனடாவில இருந்து போன் எடுத்தவள். "அம்மா, ஒரு புதினம். செடியளுக்குப் பச்சை வெளிச்சமும் தெரியுமாம். இப்ப வடிவாக் கண்டுபிடிச்சிருக்கினம்" எண்டாள். எனக்குச் சிரிப்பெண்டாச் சிரிப்பு. எழுத்துக் கூட்டத் தெரியாத எனக்கு அவள் இதுகளைச் சோறு தீத்துற மாதிரிச் சொல்லுவாள், நானும் ஆவெண்டு கேப்பன். "பச்சையா இருக்கிற செடிக்குப் பச்சை தெரியாதெண்டு ஆரடி சொன்னது?" எண்டு கேட்டன். "நான்தான் சொன்னனான்" எண்டு போனை வைச்சிட்டாள். அவள் சிரிக்கேல்ல.

அது சண்டைக் காலத்துக் கதை. கொழும்பில, வெள்ளவத்தையில கடலைப் பாத்த ஒரு அனெக்ஸில நானும் அவளும் வாடகைக்கு இருந்தனாங்கள். இவளின்ர அப்பா முன்னமே போய்ச் சேந்திட்டார். நல்ல மனிசன், கடலைக் கண்டா மட்டும் பயம். சரி, அது வேற கதை. இவள் கம்பஸில செடியளைப் பற்றி ஆராய்ச்சி. டவுனில குண்டு வெடிச்சு கம்பஸை மூடினவுடன, முளைக்கப் போட்ட பயத்தம் தட்டுகளை வீட்ட தூக்கிக்கொண்டு வந்து என்ர அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினாள். என்ர கூறைச்சீலை கட்டிலுக்குக் கீழ!

இருட்டில முளைச்ச பயறு நூல் மாதிரி நீளும், மஞ்சளா, தலையைக் குனிஞ்சுகொண்டு. துளி வெளிச்சம் பட்டாக் காணும், நிமிந்து பச்சையாகிப் போயிடும். உள்ளுக்க ஒரு சாமான் இருக்காம், சுவிட்ச் மாதிரி. சிவப்பு வெளிச்சம் பட்டாப் போடுமாம், கடுஞ்சிவப்புப் பட்டா நிப்பாட்டுமாம். அதே சாமான் இராச் சூட்டையும் அறியும் எண்டு பிறகு கண்டுபிடிச்சவையாம். பாருங்கோ, எங்கட பயறுக்குள்ள!

கொட்டாஞ்சேனையில இருந்த என்ர தங்கச்சி வந்து பாத்திட்டு, "அக்கா, பெட்டைக்கு மாப்பிள்ளை பாக்கிறதை விட்டிட்டுப் பயறுக்குக் காவல் இருக்கிறியே? தாளிச்சு எடு, தொட்டுத் தின்ன நான் பாண் வாங்கிக்கொண்டு வாறன்" எண்டாள்.

பொழுதுபட்டா மகள் டோர்ச்சில பச்சைக் கண்ணாடிக் கடதாசியைச் சுத்திக்கொண்டு அலுமாரியைத் திறந்து அளப்பாள். பச்சை மட்டும் செடிக்குத் தெரியாது எண்டாள். ஜன்னலுக்குக் கறுப்புச் சீலை கட்டினனாங்கள்தான். கடல்காத்து சும்மா விடுமே, தூக்கித் தூக்கி எறியும். றெயில் பாதையில காவல் நிண்ட ஆமிக்காரனுக்கு அந்தப் பச்சை பத்துறதும் அணையிறதும் தெரிஞ்சிருக்கு.

ஒரு நாள் விடிய ஆமியும் பொலிசும் வந்து நிண்டாங்கள். பெரியவன் அலுமாரியைத் தட்டி, "எத்துலே கவுத?" எண்டான். உள்ளுக்க ஆர் எண்டு கேக்கிறான்.

"முங் எட்ட, மாத்தயா" எண்டன் நான், பயறு ஐயா எண்டு. பின்னால நிண்ட ஒருத்தன் சிரிச்சிட்டான்.

"பயறை ஏன் பூட்டி வைக்கிறீங்கள், ஓடிப்போகுமே?" எண்டான் பெரியவன்.

மகள் அலுமாரித் திறப்பைக் கைக்குள்ள பொத்திக்கொண்டு, திறந்தா வேலையெல்லாம் பாழ் எண்டு சிங்களத்தில மன்றாடுறாள். எதிர் லேனில பாண் வாங்கப் போன பெடியனை இப்பிடித்தான் கூட்டிக்கொண்டு போனவங்கள், அவன் இண்டைக்கும் வரேல்ல. "உன்ர பயறு கிடக்கட்டும், நீ போனா நான் என்னடி செய்வன்?" எண்டு அவளின்ர விரலை விரிச்சுத் திறப்பை எடுத்துக் குடுத்தன்.

உள்ளுக்க பயறுதான். டோர்ச் அடிச்சு அடிச்சுப் பாத்தாங்கள். ஆனா மேசையில பச்சைக் கடதாசி சுத்தினது கிடந்துதே. "கடலில ஆருக்குச் சிக்னல்?" எண்டு துவங்கினான். இவள் விளங்கப்படுத்த விளங்கப்படுத்த அவன்ர முகம் கறுத்துது. செடிக்குத் தெரியக்கூடாது எண்டுதான் பச்சையாம். பயறுக்கு ஒளிச்சு வேலை செய்யிற ஆளை ஆர் நம்புவான்?

அவளையும் கொண்டு போனாங்கள், ஒரு தட்டையும் கொண்டு போனாங்கள். "ஜன்னலில வையுங்கோ, பச்சையாகும், அப்ப நம்புவீங்கள்" எண்டு சொல்லிக்கொண்டே ஜீப்பில ஏறினாள். நான் பின்னால ஓடிப்போய்ப் பொலிஸ் ஸ்டேசன் வாங்கில குந்தினன். அடுத்த நாளும் போய்க் குந்தினன். பெரியவன்ர ஜன்னலில தட்டு இருந்தது. பயறெல்லாம் தலையை நிமித்தி நல்ல பச்சை! பொலிஸ்காரர் ஒவ்வொருத்தரா வந்து எட்டிப் பாக்கிறாங்கள். எனக்குச் சந்தோசம் தாங்கேல்ல, "பாருங்கோ மாத்தயா, என்ர பிள்ளை பொய் சொல்லேல்ல" எண்டன்.

"பயறு உண்மைதான் அம்மே" எண்டான் பெரியவன். "வெளிச்சம் அடிச்சதும் உண்மைதானே?"

அண்டைக்கே அவளை வேற இடத்துக்கு மாத்திப் போட்டாங்கள். எங்கயெண்டு சொல்லேல்ல. நான் தட்டாத கதவில்லை, வைக்காத நேத்தி இல்லை. மாரி மழை பிடிச்சாப் பிறகுதான் விட்டாங்கள். வந்தவளைக் குளிக்க வாத்தன். முதுகைத் தொட விடேல்ல. தேத்தண்ணியைக் குடுத்திட்டு, என்ன பிள்ளை கேட்டவங்கள் எண்டன்.

"ஒரே கேள்விதான் அம்மா. பச்சைக்கு என்ன அர்த்தம்? ஒவ்வொரு நாளும். செடிக்குத் தெரியாது எண்டு நானும் ஒவ்வொரு நாளும் சொன்னனான்."

உங்களை விட்டிட்டுப் போகமாட்டன் எண்டு நிண்டவளை நான்தான் ஏசி, கையில கிடந்த காப்பையும் கழட்டி வித்துப் பிளேனில ஏத்தினன். எயாப்போட்டில தங்கச்சி குழறி அழுதாள். நான் அழேல்ல. அவளை உள்ளுக்க போக விட்டிட்டாங்களோ, விட்டிட்டாங்களோ எண்டு கண்ணாடியில நெத்தியை வைச்சுப் பாத்துக்கொண்டே நிண்டன்.