பொட்டு ஒட்டாத கார்

1. ஓட்டோவில் வந்தவர்

அந்தக் கறுப்புக் கார் திரும்பவும் எங்கள் கடை வாசலில் வந்து நின்றபோது, அதன் பின்னால் ஓர் ஓட்டோவும் வந்து நின்றது. காரிலிருந்து சிவநேசன் சேர் தனியாக இறங்கினார். ஓட்டோவிலிருந்து அவருடைய மனைவி மங்கை மிஸ் இறங்கினார். ஓட்டோக்காரரைக் காத்திருக்கச் சொன்னார்.

இதைப் பார்த்ததும் ஃபரூக் நானாவுக்குத் தேநீர் குடிக்கும் எண்ணம் வந்துவிட்டது. அவர் எங்கள் முதலாளி; நானா என்றால் அண்ணன். சிரித்த முகத்தோடு வரும் வாடிக்கையாளருக்கு முன்னால் அவர் நிற்பார், மற்ற முகங்களுக்கு முன்னால் நான் நிற்பேன். எனக்கு ஆட்களோடு பேசக் கூச்சம். பெயின்ட் திருப்பிப் பேசாது என்பதால்தான் இந்த வேலையே எனக்குப் பிடித்தது.

எங்கள் கடை அக்குறணைக்குக் கொஞ்சம் முன்னால், மாத்தளை வீதியில் இருக்கிறது. கார்களுக்குப் பொலிஷ் போடுவதும், பெயின்டின் மேல் கண்ணாடிபோல இறுகும் செரமிக் கோட்டிங் பூசுவதும் எங்கள் வேலை. நான் ஹந்தானையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். சொந்தமாகக் கார் இல்லை. ஆனாலும் "இந்தக் கோட்டிங் உண்மையில் பிரயோசனமா?" என்று உறவுக்காரர் எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களும் அதையே கேட்கிறார்கள். அதற்கு நான் சொல்லும் பதில் இந்தக் காரில்தான் இருக்கிறது.

2. நானா சொன்னது

முதல்முறை வந்தபோது மிஸ்ஸும் அதே கேள்வியோடுதான் வந்தார். இருவருக்கும் ஊர் யாழ்ப்பாணம், வேலை பேராதனையில். வீட்டு முற்றத்தில் ஒரு பெரிய மரம். அதில் வவ்வால்கள். மரத்தடியைத் தவிரக் கார் நிறுத்த வேறு இடமில்லை.

"விடிய எழும்பிப் பார்த்தால் காரில பெயின்டே தெரியாது. இதைப் பூசினால் ஏதும் பலன் இருக்கோ?" என்று கேட்டார்.

நானா பாதி கோட்டிங் பூசிய ஒரு பழைய பொனட்டை வெளியே கொண்டுவந்து சேற்றுத் தண்ணீரை ஊற்றினார். பூசிய பக்கத்தில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

"பார்த்தீங்களா மிஸ்? தூசி ஒட்டாது, மழைத்தண்ணி ஒட்டாது, வவ்வால் என்ன செஞ்சாலும் ஒட்டாது. ஒண்டுமே ஒட்டாது. ஈ வந்து குந்தினாலும் வழுக்கி விழும்."

"கீறல் விழாதோ?" என்று சேர் கேட்டார்.

நானா என்னைப் பார்த்தார்.

"கீறல் விழும் சேர்" என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

அப்படியிருந்தும் அவர்கள் பூசச் சொன்னார்கள். நன்றாகக் கழுவி, மெஷினால் பொலிஷ் செய்து, பகுதி பகுதியாகக் கோட்டிங் பூசித் துடைத்தேன். ஒரு வாரம் தண்ணீர் படக் கூடாது என்று சொல்லி அனுப்பினோம். சொன்னபடி ஒரு வாரம் பொறுத்துவிட்டு, காரை அம்மன் கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

3. அம்மனுக்கு எவ்வளவு இடம்

"ஐயர் பொனட்டில சந்தனம் வைச்சார் தம்பி" என்று ஓட்டோவிலிருந்து இறங்கிய மிஸ் ஆரம்பித்தார். "வைச்ச கை எடுக்கேல்லை, அது வழுக்கிக்கொண்டு கீழ வருது. பிறகு கொஞ்சம் இறுக்கமாக் குழைச்சு வைச்சார். அது காய்ஞ்சு குங்குமத்தோட அப்பிடியே கழண்டு விழுந்திட்டுது. ஐயருக்கு வேர்த்துக் கொட்டுது. இப்பிடி ஒரு வாகனத்தைத் தான் காணேல்லை எண்டார்."

"ஒண்டும் ஒட்டாது எண்டு சொல்லித்தானே பூசினவங்கள்" என்றார் சேர். "வேலை நல்லாத்தான் நடந்திருக்கு."

"அம்மனே ஒட்டமாட்டன் எண்ட காரில நான் ஏறமாட்டன்."

வரும் வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் மிஸ்ஸின் தங்கை மகளுக்குக் கல்யாணம். சேருக்கு இதுதான் முதல் கார். மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மாமனார் வீட்டு வாசல்வரை ஓட்டிப்போக வேண்டும் என்றுதான் வாங்கியிருந்தார்.

"நான் பஸ்ஸில வாறன். நீங்கள் உங்கட வழுக்குமரத்தில வாங்கோ" என்றார் மிஸ்.

சேர் என் பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் கழட்டிவிடும் தம்பி."

"கழட்டலாம் சேர். ஆனா முழுக் காரையும் திரும்ப மெஷின் போட்டுத் தேய்க்கணும். புதுப் பெயின்ட் மெலிஞ்சு போகும். அப்புறம் வவ்வாலுங்களுக்குத்தான் கொண்டாட்டம்."

மிஸ் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு பொனட்டின் நடுவில் உள்ளங்கையை வைத்தார்.

"முழுக்க ஏன் தம்பி? அம்மனுக்கு இவ்வளவு இடம் காணாதோ?"

எனக்கு இது தோன்றவே இல்லை. அந்தக் கையைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டினேன். மெஷினில் சின்ன பேட் போட்டு, தேய்க்கும் கம்பவுண்ட் வைத்து, அந்த வட்டத்தை மட்டும் தேய்க்கத் தொடங்கினேன். அந்த நேரம் தேநீர் குடித்துவிட்டு நானா வந்து சேர்ந்தார்.

"என்னப்பா செய்ற? நாம போட்டத நாமளே கழட்டுறியா?"

"சாமிக்கு நானா."

நானா குனிந்து டேப்பின் ஓரத்தை அழுத்திவிட்டார்.

மிஸ்ஸின் கைப்பையில் கோயில் சந்தனம் வாழையிலைத் துண்டில் இருந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்து வட்டத்துக்குள் வைத்தார். நால்வரும் குனிந்து பார்த்தோம். சந்தனம் அசையவில்லை. மேலே குங்குமம் வைத்தார். அதுவும் நின்றது. காயும்வரை அப்படியே நின்றோம். நானாகூடப் போன் வந்தும் எடுக்கவில்லை.

மிஸ் ஓட்டோக்காரரைப் போகச் சொன்னார். சேர் ஓடிப்போய் முன்கதவைத் திறந்துவிட்டார்.

4. பிரயோசனமா?

கல்யாணத்துக்கு அந்தக் காரில்தான் போனார்கள். ஒரு வருடம் கழித்துக் கழுவக் கொண்டுவந்தபோது பொனட்டை நன்றாகப் பார்த்தேன். வட்டத்துக்குள் குங்குமச் சிவப்பு ஊறிப் போயிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு வவ்வால் எச்சம் பெயின்டைத் தின்று குழியாக்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் ஷம்பூ போட்டதும் பளபளத்தது. கதவுக் கைபிடியைச் சுற்றி மட்டும் மோதிரக் கீறல்கள் இருந்தன.

அதனால் கேட்கிறவர்களுக்கு நான் இப்படிச் சொல்கிறேன். மரத்தடியிலோ வெயிலிலோ நிற்கும் காராக இருந்து, அதைப் பல வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், பூசுங்கள். கராஜுக்குள் தூங்கும் கார் என்றால் நல்ல மெழுகு போதும். இடுப்பில் கட்டிக் கழித்த பழைய சாரத்தால் தூசி துடைக்கும் பழக்கம் இருந்தால் எதைப் பூசியும் பலனில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இன்னும் ஒன்று: எது ஒட்டக் கூடாது என்று எல்லாரும் கேட்கிறோம். எது ஒட்ட வேண்டும் என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கழுவக் கொண்டுவந்த அன்று அந்த வட்டம் எனக்கு உறுத்தலாக இருந்தது. கூச்சத்தை விட்டு, "இத மட்டும் பொலிஷ் பண்ணித் தரவா மிஸ்?" என்று கேட்டேன்.

"தொடாதையும் தம்பி. அது மட்டுந்தான் எங்கட கார். மிச்சமெல்லாம் உங்கட மருந்து."